டெக்சஸில் ஸ்டார் தேர்வு போகிறது: அதைவிட முக்கியம் கையில் இருக்கும் பாடப் படிவம்

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. 2026 ஆகஸ்டில் ஹைஸ்கூல் போகிறாள். ஸ்டார் என்ற மாநிலப் பொதுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பாஸ்டனில் இருக்கும் என் அண்ணனும் அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு இனி கட்டாயமில்லை என்கிறார். இதற்கு நடுவில், 'எண்டார்ஸ்மென்ட்' (ஒரு துறையை ஒட்டிய கூடுதல் பாடத் தொகுப்பு) ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு வருடப் பாடத் திட்டத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? தமிழ்ப் பள்ளியில் படிப்பதற்குக் கிரெடிட் கிடைக்குமா?

பதில்: தேர்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் உங்கள் மகளின் வகுப்பை அதிகம் தொடாது. கவலைப்பட வேண்டியது அந்தப் படிவத்துக்குத்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: ஸ்டாருக்கு மாதக்கணக்கில் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறோம், படிவத்தைப் பிள்ளை நீட்டிய இடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

முதலில் தேர்வு. ஸ்டாருக்கு முடிவு கட்டும் ஹெச்.பி. 8 என்ற சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபட் 2025 செப்டம்பரில் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வருவது 2027-28 கல்வியாண்டில். அதுவரை இப்போது இருக்கும் தேர்வேதான். அப்புறம் வருவதும் தேர்வுதான்: வருடக் கடைசியில் ஒரே பெரிய தேர்வு என்பதற்குப் பதிலாக வருடத் தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று சிறிய தேர்வுகள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் எழுதப்போவது இன்றைய ஸ்டாரைத்தான்.

எந்த மாநிலமும் தேர்வை அடியோடு ஒழித்துவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்க வேண்டும், ஹைஸ்கூலில் ஒருமுறையாவது வைக்க வேண்டும் என்றது. 2015 டிசம்பரில் ஒபாமா காலத்தில் அதற்குப் பதிலாக வந்த 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ்' சட்டம் தண்டனைகளைத் தளர்த்தியது. இந்தத் தேர்வுப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டது. மத்திய அரசின் பள்ளி நிதி வேண்டுமென்றால் தேர்வு இருந்தாக வேண்டும். பெயர், வடிவம், எழுதும் முறை இவையெல்லாம் மாநிலத்தின் கையில். அதில் தேறினால்தான் டிப்ளமா (ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ்) என்று வைப்பதும் வைக்காததும்கூட மாநிலத்தின் இஷ்டம். செய்தித்தாளில் 'தேர்வு ரத்து' என்று தலைப்பு வந்தால், பெரும்பாலும் இந்தக் கடைசி முடிச்சைத்தான் அவிழ்த்திருப்பார்கள்.

பாஸ்டன் கதையும் அதுதான். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பத்தாம் வகுப்பு எம்காஸ் தேர்வில் தேறினால்தான் டிப்ளமா என்ற விதியை எடுத்துவிட்டார்கள். தேர்வு இன்னும் நடக்கிறது. உங்கள் அண்ணன் வீட்டுப் பிள்ளையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஒரு வினோதம் இருக்கிறது. அமெரிக்க வரலாறும் குடிமையியலும் படிக்க வேண்டும், உடற்பயிற்சி வகுப்பு வேண்டும் என்பதைத் தவிர, ஹைஸ்கூல் முடிக்க இன்னின்ன பாடம் கட்டாயம் என்று அந்த மாநிலத்தில் சட்டமே கிடையாது. மாஸ்கோர் என்று ஒரு பாடப் பட்டியல் உண்டு, ஆனால் அது பரிந்துரை மட்டும்தான். மாநிலம் முழுமைக்கும் பொதுவாக இருந்த ஒரே அளவுகோல் அந்தத் தேர்வு. அதன் பிடியை எடுத்ததும், டிப்ளமாவுக்கு எது போதும் என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) தானே முடிவு செய்யும்படி ஆகிவிட்டது. பணக்கார ஊர் டிஸ்ட்ரிக்ட் ஒன்று சொல்லும், பக்கத்து ஊர் வேறொன்று சொல்லும். இதற்கு ஒரு பொது விதி கொண்டுவர இப்போது அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டெக்சஸ் இதையே பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே வேறு விதமாகச் செய்தது. உங்கள் படிவம் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மாநிலத்துக்குத் தேர்வு புதிதல்ல. 1980இல் டாப்ஸ், எண்பதுகளின் நடுவில் டீம்ஸ், 1990இல் டாஸ், 2003இல் டாக்ஸ், 2012இல் ஸ்டார். சில வருடத்துக்கு ஒரு பெயர். ஒவ்வொரு தடவையும் முந்தையது லேசாகிவிட்டது, இது கடினமாக இருக்கும் என்று சொல்லியே கொண்டுவந்தார்கள். ஸ்டார் வந்தபோது அளவு மீறிப்போனது. ஹைஸ்கூல் பிள்ளை டிப்ளமாவுக்காக மொத்தம் 15 தேர்வுகளைச் சந்திக்க வேண்டும் என்றார்கள்: ஆங்கிலத்தில் மூன்று வருடங்களுக்கும் வாசிப்பு தனி, எழுத்து தனி, அதோடு அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, உயிரியல், வேதியியல், இயற்பியல், உலகப் புவியியல், உலக வரலாறு, அமெரிக்க வரலாறு. போதாததற்கு அந்த மதிப்பெண் வகுப்பு கிரேடில் 15 சதவீதம் சேரும் என்று ஒரு விதி வேறு. அப்போது தேர்வு நடத்திய பியர்சன் நிறுவனத்துக்கு ஐந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் ஒப்பந்தம். அதே சமயம் சட்டமன்றம் பள்ளிகளுக்கான நிதியில் பெரிய வெட்டு வைத்திருந்தது. பெற்றோருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அம்மாக்கள் ஒன்றுகூடி டாம்ஸா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரிக்ட் போர்டுகள் தேர்வுச் சுமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. மாநிலக் கல்வி ஆணையராக இருந்த ராபர்ட் ஸ்காட்டே, தேர்வு அதன் நோக்கத்திலிருந்து திரிந்துவிட்டது என்று மேடையில் பேசினார்.

அதன் விளைவுதான் 2013 ஜூனில் ரிக் பெர்ரி கையெழுத்திட்ட ஹெச்.பி. 5. பதினைந்து தேர்வுகள் ஐந்தாயின: அல்ஜீப்ரா 1, உயிரியல், ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அமெரிக்க வரலாறு. எல்லோரும் கொண்டாடியது இந்தப் பகுதியை. அதே சட்டத்தின் இன்னொரு பாதி பாடங்களைப் பற்றியது. அதற்கு இந்த அளவு சத்தம் எழவில்லை. அதற்கு முன் இருந்தது 'நான்குக்கு நான்கு' முறை: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் நான்கு வருடம். விலக்கு வாங்கினால் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பாதை. அல்ஜீப்ரா 2, வேதியியல், இயற்பியல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ஹெச்.பி. 5 அதை எடுத்துவிட்டு, 22 கிரெடிட் (பொதுவாக ஒரு வருடப் பாடத்துக்கு ஒரு கிரெடிட்) கொண்ட ஓர் அடித்தளத் திட்டத்தையும் அதன்மேல் ஐந்து எண்டார்ஸ்மென்ட்களையும் வைத்தது. 2014-15இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களிலிருந்து இதுதான் நடைமுறை.

காரணம் நியாயமானதுதான். வெல்டிங் கற்றுக்கொள்ள விரும்பும் பையனுக்கு நான்கு வருடம் ஒரே அச்சில் வார்த்த பாடங்கள் எதற்கு என்று தொழில்துறையினர் கேட்டார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. முன்பு மாநிலம் எடுத்த முடிவை இப்போது பதினாலு வயதுப் பிள்ளையும் அதன் பெற்றோரும் எடுக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்த வீட்டுக்கு அது சுதந்திரம். தெரியாத வீட்டுக்கு, கதவு மூடியது மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

சரி, படிவத்துக்கு வருவோம். 22 கிரெடிட் என்பது இப்படி: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, வேற்றுமொழி 2, உடற்பயிற்சி 1, கலை 1, விருப்பப் பாடம் 5. எண்டார்ஸ்மென்ட் சேர்த்தால் கணிதத்தில் இன்னொன்று, அறிவியலில் இன்னொன்று, விருப்பப் பாடத்தில் இன்னும் இரண்டு என்று மொத்தம் 26. ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போது எந்த எண்டார்ஸ்மென்ட் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். வேண்டவே வேண்டாம், அடித்தளம் மட்டும் போதும் என்றால், பத்தாம் வகுப்பு முடிந்தபின் கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) விளக்கம் சொல்லி, பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

இதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது: 'டிஸ்டிங்விஷ்ட் லெவல் ஆஃப் அச்சீவ்மென்ட்'. நான்கு கணிதம், அதில் அல்ஜீப்ரா 2 கட்டாயம், நான்கு அறிவியல், ஏதாவது ஓர் எண்டார்ஸ்மென்ட். படிவத்தில் இது சின்ன எழுத்தில் ஒரு பெட்டியாக இருக்கும். ஆனால் டெக்சஸ் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகக் கிடைக்கும் இடம் இதில்தான் தொங்குகிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு இடம் உறுதி. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். ஒரு பிள்ளை வகுப்பில் முதலாக வந்தாலும், இந்த லெவலுக்கான பாடங்களை எடுக்காவிட்டால் சட்டப்படியான அந்த உரிமை பொதுவாக இல்லை. அல்ஜீப்ரா 2 டிப்ளமாவுக்குக் கட்டாயமில்லை, ஆனால் இதற்குக் கட்டாயம். இந்த இடைவெளியைத்தான் ஹெச்.பி. 5 உண்டாக்கிவைத்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், இன்ஜினியரிங் வேண்டும் என்றால் அதற்குத் தனிப் போட்டி.

எண்டார்ஸ்மென்ட் எது? ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), பிசினஸ் அண்ட் இண்டஸ்ட்ரி, பப்ளிக் சர்வீசஸ், ஆர்ட்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ், மல்டிடிசிப்ளினரி. நம்மவர்கள் இதை இந்தியாவின் பிளஸ் ஒன் குரூப் மாதிரி நினைத்துக்கொண்டு, 'ஸ்டெம் எடுக்காவிட்டால் இன்ஜினியரிங் போச்சு' என்று பதறுகிறார்கள். அப்படியில்லை. கல்லூரிகள் பார்ப்பது எந்தப் பாடங்கள், என்ன கிரேடு என்பதை. மல்டிடிசிப்ளினரி எடுத்த பிள்ளையும் கால்குலஸ், இயற்பியல் எல்லாம் படிக்கலாம். ஸ்டெமுக்கு அல்ஜீப்ரா 2, வேதியியல், இயற்பியல் மூன்றும் கட்டாயம் என்பதால் பின்னால் வழி தவறாமல் இருக்கும்; அதனால் முடிவு தெரியாத பிள்ளைக்கு ஸ்டெம் போட்டுவைப்பதில் தப்பில்லை. மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு சின்ன ஆச்சரியம்: ஹெல்த் சயின்ஸ் பாடங்கள் பப்ளிக் சர்வீசஸ் தலைப்பின் கீழ் வரும். அதை எடுத்தால் மெடிக்கல் காலேஜில் முன்னுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறிய டிஸ்ட்ரிக்ட்களில் இந்த ஐந்துமே இருக்காது. ஒன்றாவது தர வேண்டும் என்பதுதான் சட்டம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் படிவத்தில் முதலில் பார்ப்பது கணித வரிசையை. உங்கள் மகள் இப்போது எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கிறாளா, இல்லையா? படிக்கிறாள் என்றால் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி (கல்லூரி நிலை) கால்குலஸ் என்று சிரமமில்லாமல் போகும். அல்ஜீப்ரா 1 ஒன்பதில்தான் என்றால் பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடும். கால்குலஸ் வேண்டுமானால் எங்காவது இரண்டு கணிதத்தை ஒரே வருடத்தில் எடுக்க வேண்டும், அல்லது ஒன்றைக் கோடை விடுமுறையில் முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியும் அல்ஜீப்ரா 2உம் சேர்த்து எடுப்பது வழக்கமான வழி. எல்லாப் பிள்ளைக்கும் கால்குலஸ் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமா என்ற கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டுப் பயனில்லை, அவ்வளவுதான். அப்புறம், மூன்றாவது கணிதமாகப் படிவத்தில் 'மேத்தமேட்டிகல் மாடல்ஸ்' என்று ஏதாவது இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். டிப்ளமாவுக்கு அது போதும். மேலே சொன்ன மற்றவற்றுக்கு அல்ஜீப்ரா 2 தனியாக வேண்டும்.

கீழ் வகுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தால் இதுவும் தெரிந்திருக்கட்டும். 2023இல் வந்த ஒரு சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தானாகவே மேல்நிலைக் கணிதத்தில் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு ஆசிரியர் பரிந்துரை, பெற்றோர் நச்சரிப்பு இவற்றால் தீர்மானமான விஷயம் இது. கெட்டிக்காரப் பிள்ளை, கேட்க ஆளில்லாததால் விடுபட்டுப்போவதைத் தடுக்கத்தான் இது. சமீபத்தில் வந்த சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஸ்டாரை அலட்சியம் செய்யலாமா என்று கேட்டால், தேறும் அளவுக்கு மதித்தால் போதும். 'அப்ரோச்சஸ்' என்ற முதல் நிலையை எட்டினாலே டிப்ளமாவுக்கு எண்ணிக்கொள்வார்கள். ஐந்தில் இரண்டு வரை தேறாவிட்டாலும், பள்ளியில் ஒரு குழு கூடி மற்ற வேலைகளைப் பார்த்து டிப்ளமா தர 2015 முதல் வழி இருக்கிறது. கல்லூரிகள் அந்த மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. முன்பு ஐந்திலும் எட்டிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதி இருந்தது. 2021இல் அதுவும் போய்விட்டது. இப்போது தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி நேரம் தர வேண்டும், அவ்வளவே. தேர்வு வேண்டாம் என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை டெக்சஸ் பெற்றோருக்குச் சட்டப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு லேசான தேர்வுக்குப் பள்ளி ஏன் இப்படித் துடிக்கிறது என்றால், அந்த மதிப்பெண்ணில் பிள்ளையைவிடப் பள்ளிக்குத்தான் அதிகம் இருக்கிறது. ஏ முதல் எஃப் வரை பள்ளிக்குக் கிடைக்கும் கிரேடு பெரும்பாலும் அதிலிருந்து வருகிறது. ஒரே ஒரு பள்ளி வருடக்கணக்கில் தோற்றால்கூட மாநிலம் முழு டிஸ்ட்ரிக்டையும் எடுத்துக்கொள்ளலாம். 2023இல் மாநிலத்திலேயே பெரிய டிஸ்ட்ரிக்டான ஹூஸ்டனுக்கு அது நடந்தது. பிப்ரவரி, மார்ச்சில் வகுப்பு முழுக்க மாதிரித் தேர்வாக இருந்து பிள்ளை சலித்துக்கொண்டு வந்தால் காரணம் இதுதான். அந்த மாதிரித் தேர்வுகளில் பெரும்பகுதி மாநிலம் வைத்தவை அல்ல, டிஸ்ட்ரிக்ட் பயத்தில் வைத்துக்கொண்டவை.

கலிஃபோர்னியாவுக்கு மாறிப்போகும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. அங்கே ஹைஸ்கூல் இறுதித் தேர்வை 2015இல் நிறுத்திவிட்டார்கள். டிப்ளமாவுக்கு மாநிலம் கேட்பது இரண்டு வருடக் கணிதம். அதே மாநிலத்தின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் கேட்பது மூன்று வருடம், அதுவும் அல்ஜீப்ரா 2 வரை. டிப்ளமா கையில் இருக்கும், விண்ணப்பிக்கும் தகுதி இருக்காது. டெக்சஸில் பார்த்த அதே இடைவெளிதான், வேறு பெயரில்.

இனி மீதி விஷயங்கள். ஒன்பதாம் வகுப்பு 2026-27இல் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தனிநபர் நிதி பற்றி அரை கிரெடிட் பாடம் கட்டாயமாகிறது. பழைய படிவத்தைப் பார்த்து எழுதினால் இது விடுபட்டுப்போகும். எட்டாம் வகுப்பில் எடுத்த ஹைஸ்கூல் பாடத்தின் கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியல்) வரும், ஆனால் வகுப்பு ரேங்குக்குச் சேர்ப்பார்களா என்பது டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழுக்கு வருகிறேன். வேற்றுமொழி 2 கிரெடிட்டுக்குப் பலரும் ஸ்பானிஷ் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமிங் பாடங்களாலும் அதை நிரப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வெளிமாநிலக் கல்லூரிகள் பல, மொழி என்றால் பேசும் மொழியைத்தான் எதிர்பார்க்கின்றன. தமிழைப் பொறுத்தவரை, சில டிஸ்ட்ரிக்ட்கள் தமிழ்ப் பள்ளியில் படித்ததை ஏற்கின்றன, சில டிஸ்ட்ரிக்ட்கள் மொழித் தேர்வு ஒன்றை எழுதச் சொல்லி அதன் நிலையைப் பார்த்துக் கிரெடிட் தருகின்றன, சில இரண்டையும் ஏற்பதில்லை. உங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு எந்த டிஸ்ட்ரிக்ட் எப்படி என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். கிரெடிட் தேர்வுக்குப் பதிவு செய்யக் கெடு தேதி உண்டு, வருடத்தில் சில முறைதான் நடத்துவார்கள். ஆகவே படிவத்தில் ஸ்பானிஷ் என்று எழுதுவதற்கு முன்பே கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: தமிழுக்குக் கிரெடிட் உண்டா, எத்தனை, அது ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) சேருமா. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தேர்ச்சி என்று மட்டும் போடும் டிஸ்ட்ரிக்டில் கிரெடிட் கிடைக்கும், ரேங்குக்கு அது உதவாது. உங்கள் மகள் அந்த முதல் 5 சதவீதத்தைக் குறிவைக்கிறாள் என்றால் ஸ்பானிஷ் ஏபி வரை போவது அவளுக்கு லாபமாக இருக்கலாம்.